கோபன்ஹேகனுக்கு ஆறு மணி நேரம்

பிப்ரவரி 4, மியூனிக்

வந்து இரண்டு நாள் ஆகிறது. மகள் புவனாவின் பிரசவத்துக்கு இன்னும் பத்து நாளாவது இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். மருமகன் பிரபு ஒரு நாட்குறிப்பை என் கையில் கொடுத்து, "பொழுது போகலீன்னா எதாச்சும் எழுதுங்க அத்தை" என்றார். என் வாயை அடைக்க நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார்.

கோபிசெட்டிபாளையத்தில் இருபத்தெட்டு வருஷம் பூகோளம் நடத்தியவள் நான். ஐரோப்பாவைச் சுவர் வரைபடத்தில் பிரம்பால் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறேன். இப்போது அதன் மேலேயே கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு நிற்கிறேன். ஆல்ப்ஸ் மலை எங்கே என்று கேட்டேன். மேகம் போனால் பால்கனியிலிருந்தே தெரியும் என்றார்கள். மேகம் போகவில்லை.

இங்கே எல்லோரும் குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடிக்கிறார்கள். நான் இரண்டு நாளாகக் காய்ச்சி ஆறவைத்துக் குடிக்கிறேன். பிரபு சிரிக்கிறார். சிரிக்கட்டும், வயிறு என்னுடையது.

பிப்ரவரி 6

சுக்கு, மிளகு, கருப்பட்டி, பூண்டு எல்லாம் பிரித்து டப்பாவில் போட்டாயிற்று. பிரசவ லேகியம் கிளறியபோது வீடெல்லாம் வாசம். பிரபு ஜன்னலைத் திறந்து வைத்தார். நான் பார்த்ததும் மூடிவிட்டார்.

புவனாவின் அலமாரியில் ஒரு அட்லஸ் இருந்தது. பழைய பழக்கம், எடுத்துப் புரட்டினேன். மியூனிக் கிழக்கே பன்னிரண்டாவது தீர்க்கரேகையை ஒட்டி இருக்கிறது. விரலை அப்படியே மேலே நகர்த்திக்கொண்டு போனால் கோபன்ஹேகன். ஏறக்குறைய ஒரே கோடு. இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது அங்கேயும் உச்சிக்கு வரும். எண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்.

என் மகன் தரணி அங்கேதான் இருக்கிறான். பூகோள டீச்சர் வீட்டில் பெண்ணுக்குப் புவனா, பையனுக்குத் தரணி என்று பெயர் வைத்ததற்கு ஸ்டாஃப் ரூமில் எவ்வளவு கேலி.

போன் செய்தேன். எடுக்கவில்லை. வேலையாக இருப்பான்.

பிப்ரவரி 13

வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம்.

பிப்ரவரி 15

பெண் குழந்தை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. மூக்கு அச்சு அசல் என் வீட்டுக்காரர் மூக்கு. இருந்து பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆஸ்பத்திரி நடையில் நின்று அழுதேன். ஒரு நர்ஸ் வந்து தோளைத் தட்டி ஜெர்மனில் ஏதோ சொன்னாள். நானும் தமிழில் ஏதோ சொன்னேன். இருவருக்கும் புரிந்தது.

மாலையில் தரணி புவனாவுக்குப் போன் செய்தான். அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். நடுவில் ஒரு பெண்குரலும் சிரிப்பும் கேட்டது. புவனா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் பேசினாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"நல்லாருக்கியாம்மா?"

"நல்லாருக்கேன் சாமி. நீ?"

"நல்லாருக்கேன். சரிம்மா, வெச்சரட்டா?"

வைத்துவிட்டான்.

பிப்ரவரி 20

இன்று குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டினேன். கூரையில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளை வட்டம் கூச்சல் போட ஆரம்பித்தது. புகை வந்தால் அலறும் சாதனமாம். பிரபு ஸ்டூல் போட்டு ஏறி, துண்டால் விசிறி, கீழ் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, வியர்த்துப்போனார். இத்தனை கூச்சலிலும் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். என் பேத்தியாயிற்றே.

தொட்டில் போடுவதை மார்ச் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசினோம். அதற்குச் சம்பந்தியம்மாளும் திருப்பூரிலிருந்து வருகிறார். நான் கிளம்பியதும் அவர் தங்கிப் பார்த்துக்கொள்வார். எங்கள் வீடுகளில் தொட்டில் சேலையைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். குழந்தைக்கு அரைஞாண் கயிறும் அவன்தான் கட்டுவான். மாமன் இல்லாமல் தொட்டில் போட்டார்கள் என்றால் ஊரில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி முடியாது.

வருவான். வராமல் எங்கே போவான்.

பிப்ரவரி 24

இதை எழுதவே கூசுகிறது.

சம்பந்தியம்மாள் வீடியோவில் வந்தார். குழந்தையைப் பார்த்தார், கொஞ்சினார். பிறகு கேட்டார்.

"ஏனுங் சம்பந்தி, மாமன்காரரு வந்து புள்ளையப் பாத்துட்டாருங்களா?"

"இன்னும் இல்லீங்."

"ஏனுங், நெம்ப தூரமுங்களா அந்த ஊரு?"

என் வாயிலிருந்து எப்படித்தான் வந்ததோ தெரியவில்லை. "தூரந்தானுங். ஆறு மணி நேரம் ஆவுமுங். நேரா பிளேன் கெடையாதுங். ரெண்டு எடத்துல மாறோணும்" என்றேன்.

"அடேயப்பா! நம்மூர்ல இருந்து துபாய்க்கே நாலு மணி நேரத்துல போயர்றாங்களே."

"குளிர் நாடுங்களா, அப்படித்தானுங்" என்று வேறு சொன்னேன்.

குளிர் நாட்டில் தூரம் நீளும் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் சொல்லியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சோபாவில் பிரபு உட்கார்ந்திருக்கிறார், மடியில் கம்ப்யூட்டரோடு. எல்லாம் கேட்டிருக்கிறார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 25

பிரபு வழக்கம்போலக் காலையில் "டீ போடட்டுங்களா அத்தை?" என்று கேட்டார். கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மார்ச் 3

தரணி இன்று என்னையே கூப்பிட்டான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி மாளாது. போனைத் துடைத்துவிட்டு எடுத்தேன்.

"அம்மா, தொட்டிலுக்கு வரச் சொல்லிப் புவனா கூப்புட்டா."

"வா சாமி. நீதான் கட்டோணும். உன்ற மடியில வெச்சுத்தான்..."

"வாரேன். ரெண்டு பேரும் வாரோம். ஆனா நீ கூப்புடு."

"நாந்தான் கூப்புட்டுட்டேனே."

"என்னையில்லம்மா. அவளைக் கூப்புடு. உன்ற வாயால, அவ பேரைச் சொல்லிக் கூப்புடு. ரெண்டு வருசமாச்சு, ஒருக்கா பேசியிருக்கியா?"

குழந்தை அழுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டேன். குழந்தை அழவில்லை.

மார்ச் 5

பேச வரவில்லை என்றால் எழுதலாமே என்று தோன்றியது. கல்யாணப் பத்திரிகை நடையில் நாலு வரி யோசித்து, தரணியின் எண்ணுக்கு அனுப்பினேன். "பேத்தியின் தொட்டில் விழாவுக்குக் குடும்பத்துடன் வந்திருந்து சிறப்பிக்கவும்."

சிறிது நேரத்தில் பதில் வந்தது. "யாரோட குடும்பம்?"

மிளகு ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். புவனா ஒன்றும் சொல்லாமல் குடித்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

இங்கே ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போடக்கூடாதாம். சத்தம் வரக்கூடாத நாளாம். கொள்ளுத் துவையலை அம்மியில்லாத வீட்டில் எப்படி அரைப்பது? டம்ளர் அடியால் நசுக்கினேன். தரணிக்குப் பிடிக்கும்.

மார்ச் 11

வெளியே பனி கொட்டுகிறது. புவனாவும் குழந்தையும் தூங்குகிறார்கள். மனதில் இருப்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு அந்தப் பெண் மேல் ஒரு கோபமும் கிடையாது. நல்ல படிப்பு. தரணியோடு ஒரே கம்பெனியில் வேலை செய்தவள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம், தரணி என்னைப் பவானிக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். போக மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. போனேன். ஓட்டு வீடுதான், ஆனால் சுத்தமாக வைத்திருந்தார்கள். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். அம்மா அங்கன்வாடியில் இருக்கிறார். எனக்கென்று ஒரு புது பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

அந்த அம்மா தட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். பானைத் தண்ணீர். டம்ளர் வெளியே முத்து முத்தாக வியர்த்திருந்தது. "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்கம்மா" என்றார். எனக்குத் தாகமில்லை. "வேண்டாமுங், தாகமில்லை" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. தாகம் இல்லாதவளை யார் குடிக்க வைக்க முடியும்?

ரெஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணத்துக்கு நான் போகாததற்கு என் முழங்கால்தான் காரணம். அந்த மாதம் நடக்கவே முடியவில்லை. டாக்டர் சீட்டு இருக்கிறது.

மார்ச் 17

சம்பந்தியம்மாள் வந்துவிட்டார். பெட்டி முழுக்கத் திருப்பூர் பனியன் துணி. குழந்தை பத்து வயது வரை போட்டுக்கொள்ளலாம். வந்ததும் வராததுமாக, "மாமன்காரரு கெளம்பிட்டாருங்களா? ஆறு மணி நேரமாச்சே, முந்தின நாளே கெளம்போணுமில்ல" என்றார். பிரபு எழுந்து உள்ளே போய்விட்டார்.

"லீவு கெடைக்கறது சந்தேகம்ங்கறான்" என்றேன். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொன்று.

மார்ச் 22

தொட்டில் போட்டாயிற்று.

கீழ்த்தளத்தில் இருக்கும் பொது அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முப்பது பேர் வந்தார்கள். சேலத்துப் பையன் முகிலன், பிரபுவோடு வேலை செய்பவன், புவனாவுக்கு அண்ணன் முறை வைத்துச் சேலை கட்டினான். நல்ல பையன். என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டுக் கேட்டுச் செய்தான். தரணியின் கையில் கொடுக்க வேண்டிய அரைஞாண் கயிற்றை அவன் கையில் கொடுத்தேன்.

சாப்பிடும்போது சம்பந்தியம்மாள் அவனிடம், "இவங்க பையன் வரவேண்டிய எடம் தம்பி இது. கோபன்ஹேகன்ல இருக்கறாப்ல. ஆறு மணி நேரமாம், பாவம்" என்றார்.

முகிலன் வாயில் லட்டோடு சிரித்தான். "கோபன்ஹேகனா? யாரு ஆன்ட்டி சொன்னா? நான் மாசத்துல ரெண்டு வாட்டி ஆபீஸ் வேலையா போறேன். காலைல போனா ராத்திரிச் சோத்துக்கு வூட்டுக்கு வந்துருவேன். ஏறி ஒக்காந்து ஒரு காபி குடிச்சா எறங்கச் சொல்லிருவான்."

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். யார் சொன்னார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. சம்பந்தியம்மாளுக்குத் தெரியும். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, "பனிக்காலத்துல சுத்திக்கிட்டுப் போவாங்கொ போல, இல்லீங்களா சம்பந்தி?" என்று சொல்லிவிட்டு என் இலையில் இன்னொரு வடை வைத்தார்.

என்னைக் காப்பாற்றுகிறாராம். அந்த வடையை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

மார்ச் 23

காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மாளும் பிரபுவும் கடைக்குப் போயிருந்தார்கள். புவனா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஆறு மணி நேரம்னு ஏம்மா சொன்ன?"

"தெரியாமச் சொல்லிட்டேன்."

"பூகோள டீச்சருக்குத் தெரியாதா?"

நான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தேன். சத்தத்தில் கேட்காதது போல இருக்கலாம் என்று.

"முழங்கால் வலின்னு சொன்ன. நம்பற மாதிரி இருந்துக்கிட்டேன். தாகமில்லைன்னு சொன்ன. அதையும் நம்பற மாதிரி இருந்துக்கிட்டேன். சாதிதானேம்மா? அதைச் சொல்லிடேன். உனக்கும் லேசாப் போகும், எங்களுக்கும் லேசாப் போகும்."

"நான் அப்படியெல்லாம் பாக்கறவ இல்ல."

"உன்ற வகுப்புல நானே ஒக்காந்திருக்கேன். வருசா வருசம் புதுப் புத்தகம் குடுத்ததும் மொதப் பக்கத்தைத் தொறக்கச் சொல்லுவ. தீண்டாமை பத்தின அந்த மூணு வரியைச் சத்தமாப் படிக்க வெப்ப. யாராச்சும் முணுமுணுத்தா மறுபடி படிக்கச் சொல்லுவ."

ஆமாம். அப்படித்தான் செய்தேன். குரல் பின்வரிசை வரைக்கும் கேட்க வேண்டும் என்பேன். பின்வரிசையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றும், அவர்கள் ஏன் எப்போதும் அங்கேயே உட்கார்ந்தார்கள் என்றும் நான் கேட்டதில்லை.

புவனா அழுதாள். குழந்தையும் அழுதாள். குழந்தையை வாங்கக் கை நீட்டினேன். கை ஈரமாக இருக்கிறதென்று சொல்லிக் கொடுக்காமல் போய்விட்டாள்.

மார்ச் 25

பதினொன்றாம் தேதி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. அதில் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அன்று பவானியிலிருந்து திரும்பும்போது கார் கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். ரோட்டோரத்தில் ஒரு இளநீர்க் கடை. "நிறுத்து" என்றேன். தரணி நிறுத்தினான். ஒரு இளநீர் வெட்டச் சொல்லிக் குடித்தேன். மூச்சு விடாமல் குடித்தேன். இன்னொன்று வெட்டச் சொன்னேன். அதையும் குடித்தேன். சேலையில் வழிந்தது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, காருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு தரணி என்னைப் பார்த்தபடி இருந்தான்.

கடைக்காரருக்குப் பணம் கொடுத்தான். கோபி வரும் வரை ரேடியோகூடப் போடவில்லை.

அந்தப் பார்வைக்கு அப்புறம் அவன் என்னைச் சரியாகப் பார்த்ததே இல்லை.

மார்ச் 26

சம்பந்தியம்மாளிடம், "நான் சொன்னது பொய்யுங். ஒன்றரை மணி நேரந்தானுங்" என்றேன்.

"தெரியுமுங். பிரபு அன்னைக்கே சொல்லிட்டான்" என்றார். கீரை ஆய்ந்துகொண்டே இருந்தார். பிறகு, "நம்ம வயசுக்கு மேல கூச்சப்பட்டு என்னங் பண்றது, போயிட்டு வாங்க" என்றார்.

அன்றைக்கே தெரிந்திருந்தும் ஒரு மாதமாக "ஆறு மணி நேரம்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், என் முகத்துக்காக.

மார்ச் 29

புவனாவிடம் டிக்கெட் போடச் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. தரணியிடம் அவளே பேசிவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னான்?"

"வரட்டும்னான்."

"வேற?"

"அவ்ளோதாம்மா."

ஏப்ரல் 3

பெட்டியில் இரண்டு சேலை, கொள்ளுப் பொடி, பூண்டு ஊறுகாய், கருப்பட்டி. அந்தப் பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. புவனாவைக் கேட்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது. கடைசியில் கேட்டேன். "எள்ளுருண்டை" என்றாள். எள் வறுத்து இடித்து உருண்டை பிடித்தேன். நாலு உருண்டை உடைந்துபோனது.

புவனா சொன்னாள், "அந்தப் பொண்ணு அந்தப் பொண்ணுன்னு அங்க போயும் சொல்லிட்டு இருக்காத." எழுதியதையும் படித்திருப்பாளோ?

ஏப்ரல் 5, கோபன்ஹேகன்

நேற்று நடந்ததை இப்போது காலையில் எழுதுகிறேன். இங்கே ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடுகிறது.

மியூனிக் விமான நிலையத்தில் பிரபு உள்ளே போகும் வாசல் வரை வந்தார். சோதனை இடத்தில் என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு பெண் தொட்டியில் போட்டாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். கேட்டால் விதியாம். உள்ளே கடையில் வாங்கலாம் என்று பார்த்தேன். எந்த வாசல் என்று தேடி நடந்ததிலேயே நேரம் போய்விட்டது. எல்லோரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். விமானத்தில் தண்ணீரை விலைக்கு விற்றார்கள். நாலாக மடித்து வைத்திருந்த யூரோ நோட்டை நீட்டினேன். நோட்டு வாங்க மாட்டார்களாம், கார்டுதான் வேண்டுமாம். பக்கத்திலிருந்தவர் நான் தருகிறேன் என்பது போலக் கையைக் காட்டினார். எனக்கு என்ன வந்ததோ, "தாகமில்லை" என்பது போலத் தலையை ஆட்டிவிட்டேன். பழக்கம்.

ஒரு மணி முப்பத்தைந்து நிமிஷம் என்று விமானி சொன்னார். பள்ளிக்கூடக் கணக்கில் இரண்டு பீரியட். ஐரோப்பாக் கண்டம் முழுவதையும் நான் இரண்டு பீரியடில் நடத்தி முடித்திருக்கிறேன். மலை, ஆறு, தலைநகரம் எல்லாம். இந்த இரண்டு பீரியடைக் கடக்க எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி வந்தேன். வயல், வயல், பிறகு கடல். கடலுக்குள் வரிசையாகக் காற்றாலைகள் நட்டிருந்தார்கள். அவ்வளவுதான், இறங்கிவிட்டோம்.

தரணி வெளியே நின்றிருந்தான். மெலிந்திருக்கிறான். தாடி விட்டிருக்கிறான். பெட்டியை வாங்கிக்கொண்டு, "நல்லா வந்தியா?" என்றான். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஓட்டுநர் இல்லாத ரயில். வேறு சமயமாக இருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். இந்த முறை வலி உண்மை. பாதியில் நின்றபோது அவனும் நின்றான், ஆனால் கை கொடுக்கவில்லை. மேலே போவதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கதவைத் திறந்தவள் நிறைமதி.

பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னானே என்று விமானத்தில் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். வாய் திறந்தால் காற்றுதான் வந்தது. அவளே, "வாங்க அத்தை. உள்ள வாங்க. செருப்பு அங்கயே இருக்கட்டுங்" என்றாள். சிரித்த முகம்தான். ஆனால் கிட்டே வரவில்லை. நான் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுச் சமையலறை மேடைப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

என் முன்னால் மேஜையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. கடையில் விற்கும் பாட்டில். மூடி திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு காகித டம்ளர்.

நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, நிறைமதி மெதுவாகச் சொன்னாள். "கடையில வாங்குனதுதானுங் அத்தை. சீல் ஒடைக்கலீங்."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் திருப்பி ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கும் எனக்கு. வந்தவளுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவள் யோசித்திருக்கிறாள். கடைக்குப் போயிருக்கிறாள், பாட்டில் வாங்கியிருக்கிறாள், வீட்டு டம்ளரை வைத்தால் நான் என்ன செய்வேனோ என்று காகித டம்ளரையும் தேடி வாங்கியிருக்கிறாள். என் உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. முப்பது பேர் நடுவில் முகிலன் சிரித்தபோது பட்ட வெட்கமெல்லாம் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

தரணி ஜன்னலோரம் நின்றிருந்தான். இளநீர்க் கடையில் பார்த்த அதே பார்வை.

"நீங்க எந்தத் தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க குழாய்த் தண்ணிதானுங்."

"காய்ச்சுவீங்களா?"

"இல்லீங், அப்படியே."

"அதுல ஒரு டம்ளர் குடு, நிறைமதி."

பெயர் வந்துவிட்டது. கரகரப்பாக, பாதி விழுங்கித்தான் வந்தது. அவள் தரணியைப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். அவள் வீட்டிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், அடியில் பெயர் வெட்டியிருந்தது. குழாயில் பிடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். தட்டு இல்லாமல் கையில்தான் கொடுத்தாள். நானும் கையில்தான் வாங்கினேன். ஐஸ் மாதிரி இருந்தது. ஒரே மூச்சில் குடித்தேன். இன்னொன்று கேட்டேன். அதையும் குடித்தேன். சேலையில் வழிந்தது.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அன்னைக்கு உங்கூட்லயும் எனக்குத் தாகமாத்தான் இருந்துச்சு கண்ணு" என்றேன்.

நிறைமதி மேஜையிலிருந்த பாட்டிலையும் காகித டம்ளரையும் எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு சொன்னாள்.

"தெரியுமுங் அத்தை. நீங்க போனதும் அம்மா சொன்னாங்க. பாவம், அந்தம்மாவுக்கு ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடந்துச்சு, கார்ல தண்ணி இருக்குமோ என்னமோன்னு. வாசல்ல போயி ரோட்டைப் பாத்துட்டே நின்னாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டம்ளரை மறுபடியும் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தாள்.